காஷுவல்டியில் யூ.பி.டி அட்டை: 18 வயதுக்குக் கீழான பெண்களுக்கு எது சரி, எங்கே பிசகும்

வீட்டுக் குளியலறையில் பார்த்துக்கொள்ளும் சோதனையைப் பற்றிய மதிப்புரை அல்ல இது. 12 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள ஒரு பெண் வயிற்று வலி, வாந்தி, மயக்கம், வலிப்பு, உதிரப்போக்கு என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு (காஷுவல்டி) வரும்போது அங்கே சிறுநீரில் செய்கிற கர்ப்பப் பரிசோதனையை (யூ.பி.டி) பற்றியது. டியூட்டி டாக்டர்கள், ஸ்டாஃப் நர்சுகள், காஷுவல்டிக்குப் பொருள் வாங்கித் தரும் பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சொட்டு விடுகிற சாதாரண பிளாஸ்டிக் அட்டைதான் காஷுவல்டிக்கு ஏற்றது. சரியாகச் செய்தால் அது தப்பாகக் காட்டுவது அரிது. பிசகு பெரும்பாலும் நடப்பது அட்டைக்கு முன்னும் பின்னும்தான்: கோப்பையை யாரிடம் கொடுத்தோம், டிரிப் ஏற்றுவதற்கு முன் சிறுநீர் எடுத்தோமா, கடிகாரத்தைப் பார்த்தோமா, முடிவை யார் காதில் முதலில் போட்டோம்.

சந்தையில் மூன்று வடிவங்கள் உண்டு. முதலாவது, கோப்பையில் முக்கி எடுக்கும் பட்டை. விலை மிகக் குறைவு, மொத்தமாக வாங்கினால் சில ரூபாய்தான். ஆனால் அதில் பெயர் எழுத இடமில்லை. இரவு ஷிப்டில் மேசை மேல் ஈரமாக மூன்று பட்டைகள் கிடந்தால் எது யாருடையது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அதிகபட்சக் கோட்டைத் தாண்டி முக்கிவிட்டால் சாயம் கலைந்து முடிவும் கெடும். இரண்டாவது, பேனா போல நேரடியாகச் சிறுநீரில் பிடிப்பது. வலியில் சுருண்டு படுத்திருக்கும், பெட்பேனில் போக வேண்டிய பெண்ணுக்கு அது சரிவராது. சர்க்கரை, கீட்டோன், ஆல்புமின் பார்ப்பதற்கு மிச்சச் சிறுநீரும் கையில் இருக்காது. மூன்றாவதுதான் நாம் சொல்லும் அட்டை. பிரெகா நியூஸ், வெலாசிட், ஐ-கேன் என்று மருந்துக்கடையில் ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைப்பவையும், அரசு ஆஷா பணியாளர்கள் வழியாகத் தரும் நிஷ்சய் அட்டையும் இதே கொள்கையில் இயங்குபவை. பின்பக்கம் மார்க்கரால் பெயரும் ஓ.பி. எண்ணும் நேரமும் எழுதலாம் என்ற ஒரே காரணத்துக்காகவே நாங்கள் இதற்கு ஓட்டுப் போடுவோம்.

அட்டைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் தவறுகள் புரியும். கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய பிறகு எச்.சி.ஜி ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. கருமுட்டை வெளிப்பட்ட 6 முதல் 12 நாட்களுக்குள் ஒட்டுதல் நடக்கும். ஆரம்பத்தில் இந்த அளவு சுமார் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பெரும்பாலான அட்டைகளின் வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லி யூனிட். சொட்டு விட்ட குழியில் தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்புப் புரதம் இருக்கிறது. அது ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, டி என்ற இடத்தில் நிற்கும் இன்னொரு எதிர்ப்புப் புரதத்தில் மாட்டும்போது இளஞ்சிவப்புக் கோடு எழுகிறது. சி என்ற இடத்துக் கோடு, திரவம் கடைசிவரை ஓடியது என்று மட்டும்தான் சொல்கிறது. குழாய்த் தண்ணீர் விட்டாலும் பல அட்டைகளில் சி கோடு வந்துவிடும். பயந்துபோன பெண் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவது நடக்காத காரியமில்லை. ஆகவே கோப்பையை வாங்கும்போதே கையில் சூடு தெரிகிறதா, நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை, ஆல்புமின் பார்க்கும் சிறுநீர்ப் பட்டையில் அடர்த்தியையும் பார்த்துக் குறித்துவிடுங்கள்.

செய்முறை எளிது, அதனால்தான் அலட்சியமும் வருகிறது. உறையைப் பிரிக்கும் முன் காலாவதித் தேதி. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததென்றால் அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது, உள்ளே ஈரம் படியும். உறைக்குள் சிலிக்கா பொட்டலம் இல்லையென்றாலோ உறை ஊதிப்போய்க் கிழிந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். சுத்தமான, உலர்ந்த, மூடியுள்ள கோப்பையில் 10 முதல் 20 மில்லி போதும். தட்டையான இடத்தில் அட்டையை வைத்து, துளிசொட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கைப்படி சொட்டு விட வேண்டும். பெரும்பாலும் 3 சொட்டு, சிலவற்றில் 2. காற்றுக் குமிழி சேர்ந்த சொட்டு அரைச்சொட்டுதான். விட்டதும் போனில் 5 நிமிடம் வையுங்கள். நல்ல பாசிட்டிவ் ஒரு நிமிடத்திலேயே தெரியும். நெகட்டிவ் என்று சொல்ல முழு 5 நிமிடமும் காத்திருந்தாக வேண்டும். 10 நிமிடம் தாண்டினால் அந்த அட்டையைப் படிக்கவே கூடாது. திரவம் காய்ந்த பிறகு டி இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று தெரியும். அது கோடல்ல, காய்ந்த தடம். நேரத்துக்குள் வந்த, இளஞ்சிவப்பான, மேலிருந்து கீழ்வரை ஓடுகிற கோடு எவ்வளவு மெலிதாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். டியூப்லைட் மங்கலான மூலையில் அதைத் தேடாதீர்கள், ஜன்னலோரமோ டார்ச் வெளிச்சத்திலோ சற்றுச் சாய்த்துப் பாருங்கள்.

எங்கே தவறுகிறது?

அடிக்கடி நடப்பது டிரிப் விவகாரம். வாந்தியோடு வந்த பெண்ணுக்கு முதலில் நார்மல் சலைன் ஏறிவிடும். ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் போன பிறகு சிறுநீர் வரும். அது தண்ணீர் மாதிரி இருக்கும், அடர்த்தி 1.005. ஆரம்பக் கர்ப்பத்திலும், ஹார்மோன் குறைவாகச் சுரக்கும் கருக்குழாய்க் கர்ப்பத்திலும் (கரு கருப்பைக்குள் அல்லாமல் குழாயிலேயே தங்குவது) இந்த நீர்த்த சிறுநீர் நெகட்டிவ் காட்டிவிடலாம். கருக்குழாய்க் கர்ப்பம்தான் நாம் தவறவே விடக் கூடாதது. எனவே வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) குத்தும்போதே முதல் ரத்தத்தில் ஒரு குழாயைத் தனியாக எடுத்து வையுங்கள். சிறுநீர் வந்தால் சரி. வராவிட்டாலோ நீர்த்து வந்தாலோ பீட்டா எச்.சி.ஜி என்ற ரத்தச் சோதனைக்கு அந்தக் குழாய் போகட்டும்.

ரத்தச் சோதனை நுட்பமானது என்பதில் சந்தேகமில்லை, அளவையும் எண்ணாகத் தரும். ஆனால் ரத்தம் உறைய வேண்டும், சுழற்ற வேண்டும், கருவி ஓட வேண்டும். அதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். இரவில் அந்தச் சோதனையை ஓட்டாத லேப்களும் உண்டு. சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்), சிறுநீர் இரண்டையும் ஏற்கும் அட்டை என்று உறையில் எழுதியிருந்தால், பிரித்த சீரத்தை அதிலேயே விட்டுப் பார்க்கலாம். அதிர்ச்சி நிலையில் சிறுநீரே வராத பெண்ணுக்காக அப்படிப்பட்ட பத்து அட்டையாவது காஷுவல்டி அலமாரியில் இருக்கட்டும். சிறுநீருக்கு மட்டும் என்று அச்சிட்ட அட்டையில் ரத்தத்தை விட்டுப் பார்த்து மருத்துவ முடிவு எடுக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது, இளம்பெண்கள் விஷயத்தில் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்தாலும் அட்டை நெகட்டிவ் காட்டும். தங்கத் துகளோடு இருக்கும் புரதத்தையும் டி இடத்துப் புரதத்தையும் தனித்தனியாக ஹார்மோன் நிரப்பிவிடுவதால் இரண்டும் சேர வழியில்லாமல் போகிறது. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் (கருவுக்குப் பதிலாக நஞ்சுத் திசு கொத்துக் கொத்தாக வளர்வது) அளவு பல லட்சத்துக்குப் போகும்போது இப்படி ஆகும். அந்த நோய் இள வயதுக் கர்ப்பத்தில் மற்ற வயதைவிட அதிகமாக வருவது. இதே மாதிரி, கர்ப்பம் இரண்டு மாதத்தைத் தாண்டிய பிறகு சிறுநீரில் ஹார்மோனின் உடைந்த துண்டுகள் பெருகுகின்றன. சில அட்டைகளில் அவை ஒரு புரதத்தை மட்டும் அடைத்துக்கொண்டு கோட்டை மங்கச் செய்யும், சில சமயம் அழித்தே விடும். விளைவு, யாருக்கும் சொல்லாமல் மறைத்து ஏழு, எட்டு மாதத்தில் "வயித்து வலி" என்று வருகிற பெண்ணுக்கு நெகட்டிவ் வரக்கூடும். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். தொப்புளுக்கு மேலே கருப்பை தட்டுப்படுகிறது, அட்டை நெகட்டிவ் என்கிறது என்றால் கையை நம்புங்கள். அரை மில்லி சிறுநீரோடு நாலரை மில்லி சலைன் கலந்து இன்னொரு அட்டையில் விடுங்கள், கோடு வரக்கூடும். கையோடு ஸ்கேன்.

பொய்யான பாசிட்டிவ் குறைவு. சமீபத்தில் கரு கலைந்திருந்தால் ஹார்மோன் முழுதாகக் கழிய நான்கு, ஆறு வாரம்கூட ஆகும். அதனால் "இப்போது கர்ப்பம்" என்று உடனே எழுதிவிடாதீர்கள். சூலகத்தில் கட்டியோடு வந்த சிறுமிக்குப் பாசிட்டிவ் வந்து, ஸ்கேனில் கர்ப்பமே இல்லையென்றால், அது எச்.சி.ஜி சுரக்கும் முளை செல் கட்டியாக இருக்கலாம். அந்தக் கட்டிக்கான ரத்தச் சோதனைகளான ஏ.எஃப்.பி, எல்.டி.எச் அனுப்புங்கள். ரத்தம் கலந்த சிறுநீரில் பின்னணியே சிவந்து கோடு தெரியாமல் போகும். அப்போது கதீட்டர் வழியாக எடுத்த சிறுநீரோ ரத்தமோதான் கைகொடுக்கும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். உறையில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்றுதான் இருக்கும். வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத ஸ்டோர் ரூம் 40 டிகிரியைத் தொடும். ஆம்புலன்ஸ் பெட்டிக்குள் இன்னும் மோசம். புது லாட் வந்ததும் பிரசவ ஓ.பி.யில் பாசிட்டிவ் என்று தெரிந்த ஒரு சிறுநீரிலும், ஓர் ஆண் ஊழியரின் சிறுநீரிலும் ஒவ்வோர் அட்டை செலவழித்துப் பார்த்து, லாட் எண்ணோடு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டு அட்டை வீண் என்று நினைக்க வேண்டாம்.

யாருக்குப் பார்ப்பது?

"வயசுக்கு வந்து ஆறு மாசம்தான் ஆச்சு" என்பதோ "இன்னும் வயசுக்கே வரலை" என்பதோ விலக்கு ஆகாது. முதல் மாதவிடாய்க்கு முன்னாலேயே கருமுட்டை வெளிப்படலாம். மார்பு வளர்ச்சி தொடங்கிய எந்தப் பெண்ணுக்கும், தொப்புளுக்குக் கீழ் வலி, காரணமில்லாத வாந்தி, மயங்கி விழுதல், வலிப்பு, விஷம் குடித்து வந்தது, அப்பென்டிக்ஸ் ஆபரேஷனுக்கு முன், வயிற்று எக்ஸ்ரே, சி.டி.க்கு முன் என்று பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஆளைப் பார்த்து, உடையைப் பார்த்து, யாருக்குப் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுப்பதுதான் அவமானம். எல்லோருக்கும் என்று விதி இருந்தால் யாருக்கும் அவமானமில்லை. வலிக்குப் பழக்கதோஷத்தில் டைக்ளோஃபெனாக் போடுவதற்கு முன்னும், வலிப்புக்கு வால்ப்ரோயேட் தொடங்குவதற்கு முன்னும் இதைப் பார்ப்பது நல்லது. உயிர் போகிற விபத்துக் காயம் என்றால் மட்டும் எதற்கும் காத்திருக்க வேண்டாம், சி.டி.க்குப் போகட்டும்.

அம்மா கேட்பார்: "எம்பொண்ணு சின்னப் பொண்ணு சிஸ்டர், அவளுக்குப் போய் இந்த டெஸ்டா?" பதில் நேராக இருக்கட்டும்: "வயித்து வலின்னு வர்ற பொண்ணுங்க எல்லாருக்கும் பாக்குறதும்மா. சுகர், உப்பு பாக்குற மாதிரிதான். ஸ்கேன், எக்ஸ்ரேக்கு முன்னாடி கண்டிப்பா வேணும்." பெண்ணிடம் மறைத்துச் செய்யாதீர்கள். "யூரின் டெஸ்ட்" என்று மட்டும் சொல்லி வாங்கிப் பிறகு கர்ப்பம் என்று சொன்னால், அதன்பின் அவள் எதையும் சொல்ல மாட்டாள்.

தனியாகக் கேட்பதற்கு ஐந்து நிமிடம் வேண்டும், அதை உருவாக்கலாம். "நீங்க போய் ஓ.பி. சீட்டுப் போட்டுட்டு வாங்கம்மா, நான் பாப்பாவை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன்." பெண் ஊழியர்தான் போக வேண்டும். கேட்கும் சொல்லும் முக்கியம். எல்.எம்.பி (கடைசி மாதவிடாய்த் தேதி) என்றால் புரியாது. "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே கண்ணு? வழக்கம் போலவா, கொஞ்சமாப் பட்டுச்சா?" என்று கேளுங்கள். வயதுக்கு வந்து முதல் இரண்டு ஆண்டில் நாள் தள்ளிப்போவது சகஜம் என்பதால் தேதியை மட்டும் வைத்து எதையும் ஒதுக்க முடியாது. அடுத்த கேள்விக்கு முன் ஒரு வாக்கியம் கட்டாயம்: "நீ சொல்றதைக் கண்டவங்ககிட்ட பேச மாட்டோம். ஆனா சில விஷயத்தை நாங்க சட்டப்படி தெரியப்படுத்தணும்." ரகசியம் என்று முழு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு போலீசுக்கு எழுதுவது பெரிய துரோகம்.

கையிருப்பு இல்லாத இடங்களில் நடக்கும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சீட்டில் "யூ.பி.டி கார்டு - 1" என்று எழுதி அப்பாவின் கையில் கொடுத்து எதிர்க்கடைக்கு அனுப்புவது. கடைக்காரர் கவுன்டரில் வைக்கிற பெட்டியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும், வரிசையில் நிற்பவர்களுக்கும் புரிந்துவிடும். பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. காஷுவல்டியில் 24 மணி நேரமும் அட்டை இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

அதேபோல, முடிந்த அட்டையைக் கட்டில் பக்கத்து டிரேயில் நிமிர்த்தி வைக்காதீர்கள். டிவி விளம்பரம் பார்த்த யாருக்கும் இரண்டு கோடு என்றால் என்னவென்று தெரியும். அத்தை எட்டிப் பார்ப்பார். டியூட்டி ரூமில் வைத்துப் படித்து, கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதி, உடனே அப்புறப்படுத்துங்கள். "பெட் நம்பர் நாலு பாசிட்டிவ் மேடம்" என்று வராந்தாவில் கூவுவது கூடவே கூடாது. முடிவு முதலில் பெண்ணுக்கு, உட்காரவைத்து, கதவைச் சாத்தி. பெற்றோருக்கு எப்படிச் சொல்வது என்பதை அவளோடு பேசிய பிறகு அவளையும் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். வீட்டில் அடி விழும் என்று அவள் பயந்தாலோ, வீட்டு ஆள்தான் காரணம் என்று தெரிந்தாலோ அனுப்பாதீர்கள், அட்மிட் செய்யுங்கள். 1098-க்கு அழைத்தால் குழந்தைகள் நல அலுவலர்கள் வருவார்கள்.

பாசிட்டிவோடு வலியோ மயக்கமோ இருந்தால் கருக்குழாய்க் கர்ப்பம் இல்லையென்று நிரூபிக்கும்வரை அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வென்ஃப்ளான், ரத்த வகை, ஆர்.எச், கிராஸ் மேட்ச் (ரத்தம் ஏற்றப் பொருத்தம் பார்ப்பது), ஸ்கேன். பீட்டா அளவு வரட்டும் என்று ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது, குறைந்த அளவிலும் குழாய் வெடிக்கும். பாசிட்டிவ் வந்தவளுக்கு வலிப்போடு பி.பி. 140/90-க்கு மேல் என்றால் மக்னீசியம் சல்பேட்.

சட்டப்பக்கம் சுருக்கமாக. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் குழந்தை, அவரோடு உறவு கொள்வது குற்றம். கழுத்தில் தாலி இருந்தாலும் அப்படியே. 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. ஆனால் அவசர சிகிச்சைக்கு முன் எஃப்.ஐ.ஆர் கொண்டுவா, கோர்ட் கடிதம் கொண்டுவா என்று கேட்க எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமையில்லை. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. முதலில் சிகிச்சை, ஏ.ஆர் (விபத்துப் பதிவேடு) பதிவும் போலீசுக்குத் தகவலும் அதோடு கூடவே. போக்சோ சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். கருக்கலைப்பு தேவைப்பட்டால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பின் சிறுமிகளுக்கு 24 வாரம் வரை இடமுண்டு. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து, அதற்கு மேல் இருவர். பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-இல் சொன்னபடி, கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் குறிப்பிடத் தேவையில்லை. போலீசுக்குப் பெயர் போய்விடும் என்று பயந்தே பலர் ஆஸ்பத்திரிக்கு வராமல் வேறெங்கோ போகிறார்கள். இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது டாக்டரின் வேலை.

நெகட்டிவ் வந்தவளை அப்படியே அனுப்பிவிடுவதுதான் பெரிய ஓட்டை. நேற்றோ முந்தாநாளோ நடந்த உறவையோ வன்முறையையோ இன்றைய அட்டை காட்டாது. அதற்கு முன்பே கர்ப்பமாக இருந்தாளா என்பதை மட்டும்தான் சொல்லும். 72 மணி நேரத்துக்குள் என்றால் அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் ஒன்றை அங்கேயே விழுங்கவையுங்கள். அதைத் தாண்டி 120 மணி நேரம் வரைகூடக் கொடுக்கலாம், பலன் குறையும். தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் இந்த மாத்திரை எளிதில் கிடைப்பதில்லை. எனவே அட்டை இருக்கும் அதே டிராயரில் இதுவும் இருக்கட்டும். விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று.

பிறகு 21 நாள் கழித்து வரும் தேதியை ஓ.பி. சீட்டில் எழுதுங்கள். "யூ.பி.டி ரிப்பீட்" என்று எழுத வேண்டாம், "வயிற்று வலி, மறுபரிசோதனை" என்று போதும். எந்த அறை, எந்த சிஸ்டர் என்பதை வாயால் சொல்லி அனுப்புங்கள்.